பொம்மை இரயில் நடத்தும் பாடம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"இருபது வயதாகிறது; இன்னும் பொம்மை இரயிலா?"

சென்ற கோடை விடுமுறையில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இது. கேட்டவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மொட்டை மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, அட்டையால் செய்த ஒரு நிலையத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவனைப் பார்த்தால் வேறு என்னதான் கேட்பார்கள்? ஆயினும், அந்தக் கேள்விக்கு அன்று சொல்லாத பதிலை இந்த ஆண்டு மலரில் சொல்ல விரும்புகிறேன். மாதிரி இரயில்தடம் அமைப்பதும், அமைத்ததைப் புகைப்படம் எடுப்பதும் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுவது தவறு. அறிவியல் மாணவன் ஒருவன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அதைவிட நல்ல வழியை நான் இதுவரை கண்டதில்லை.

மாதிரி இரயில்தடம் என்பது யாது?

கடையில் வாங்கி, தரையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, சாவி கொடுத்து ஓடவிடும் இரயில் பொம்மை. மாதிரி இரயில்தடம் அப்படிப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இரயில், பாலம், மலை, நிலையம், மரம், மனிதர் ஆகிய அனைத்தையும் சுருக்கி, ஒரு மேசையிலோ அறையிலோ ஒரு நாட்டையே நிலையாக அமைப்பது அது. மேலை நாடுகளில் பல்லாயிரம் பேர் இதைத் தம் வீடுகளிலேயே செய்கிறார்கள். இதற்கென்றே அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய 'மாடல் ரெயில்ரோடர்' என்னும் இதழ் இன்றும் வெளிவருகிறது.

மிகுதியாகப் புழங்கும் விகிதம் 'எச்.ஓ.' எனப்படுவது. உண்மையில் ஓர் அடி நீளமுள்ள பொருள் மாதிரியில் 3.5 மி.மீ. ஆகிவிடும், அதாவது 87இல் ஒரு பங்கு. உலகில் பெருவாரியான நாடுகளில் உள்ள 1435 மி.மீ. இருப்புப்பாதை இதில் 16.5 மி.மீ. ஆகிறது. இங்கிலாந்துக்காரர்கள் இதே 16.5 மி.மீ. தண்டவாளத்தின் மீது 76இல் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளை ஓட்டுகிறார்கள். அவர்கள் நாட்டு இன்ஜின்கள் சிறியவை. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே வண்டியைப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வசதிக்காக அன்று செய்துகொண்ட சமரசம் இன்றுவரை அவர்களைத் தொடர்கிறது. கணக்கில் ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அது எத்தனை காலம் கூட வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அளவு கற்பிக்கும் பணிவு

"எல்லாவற்றையும் 87ஆல் வகுத்தால் போதுமே, இதில் என்ன அறிவியல்?" என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுத்துப் பார்த்த பிறகே இயற்கை அவ்வளவு எளிதில் சுருங்காது என்று தெரிந்தது.

நீளம் 87இல் ஒரு பங்கானால், கன அளவு 87 × 87 × 87, அதாவது 6,58,503இல் ஒரு பங்காகிவிடுகிறது. 20 டன் எடையுள்ள ஒரு வெற்றுச் சரக்குப் பெட்டியைக் கணக்கின்படி சுருக்கினால் மாதிரியின் எடை 30 கிராம்தான். ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தின் எடை! அத்தனை இலேசான பெட்டி வளைவில் இழுபட்டுத் தடம்புரளும். ஆகவே ஓர் அவுன்சும், அதற்கு மேல் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்சும் எடை இருக்கவேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் பரிந்துரைக்கிறது. 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். கணக்குச் சொல்லும் எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு!

தொலைவும் இப்படித்தான். ஒரு கிலோமீட்டர் பாதை மாதிரியில் பதினொன்றரை மீட்டர் ஆகிறது. யார் வீட்டில் இருக்கிறது அத்தனை இடம்? பலரும் வாங்கிப் போடும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 18 அங்குலம். அதை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 40 மீட்டர். அந்த வளைவில் எந்த விரைவு வண்டியும் திரும்ப இயலாது. ஆகவே மாதிரி செய்பவன் ஒவ்வொரு கணமும் 'எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது' என்று முடிவு செய்தாகவேண்டும். ஓர் ஊரிலிருந்து எதை எடுத்துவிட்டாலும் அந்த ஊர் அந்த ஊராகவே இருக்கும்? எதை எடுத்தால் அது வேறு ஊராகிவிடும்? நம் பாடநூலில் இல்லாத வினாக்கள் இவை.

மான்டெரேயில் ஒரு மலைநாடு

இத்துறையில் நான் வியந்து போற்றும் மனிதர் ஜான் ஆலன். அமெரிக்கக் கலிபோர்னியாவில் மான்டெரே என்னும் கடற்கரை நகரில் வாழ்ந்தவர், தொழில்முறைப் புகைப்படக்காரர். 1940களில் ஒரு சிறிய எச்.ஓ. இரயில்தடத்தை அமைக்கத் தொடங்கினார். பின்னர் 1950களில் தம் வீட்டு நிலவறை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டார். முதலில் செய்த சிறு தடத்தையும் எறிந்துவிடாமல் பெரிய தடத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்த இரயில்வேக்கு அவர் இட்ட பெயர் 'கோர் அண்ட் டஃபெட்டிட்'. பார்ப்பதற்கு ஊர்ப் பெயர்கள் போலத் தோன்றும் இச்சொற்களை வாய்விட்டுப் படித்தால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று ஒலிக்கும்; 'இரத்தக் களரியாகித் தோற்றுப்போனது' என்று பொருள். எத்தனை பெரிய பணி செய்பவனுக்கும் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்திருக்கவேண்டும் போலும்! பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் வேலைக்கு அவர் நிலையத்தில் ஓர் இன்ஜினுக்குப் பதிலாக 'எம்மா' என்னும் டைனோசார் பொம்மையையும் நிறுத்தியிருந்தார்.

ஆனால், வேடிக்கை அவ்வளவோடு சரி. மற்றவற்றில் அவர் கடுமையானவர். தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த மலைகள். இடத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஆங்காங்கே மறைத்து வைத்த கண்ணாடிகள். புகையும் துருவும் மழையும் பட்டுப் பழசான வண்டிகள். அந்நாளில் மாதிரி வண்டி என்றால் பளபளக்கவேண்டும் என்பது வழக்கம். உழைக்கும் வண்டி அழுக்காகத்தான் இருக்கும் என்பதைத் தம் மாதிரிகளால் காட்டிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். வார்னி என்னும் மாதிரி இரயில் கம்பெனியின் விளம்பரங்களுக்கு அவர் எடுத்துத் தந்த படங்கள் இதழ்களில் வந்து, ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றின.

1973 ஜனவரி 6ஆம் நாள் ஜான் ஆலன் இறந்தார். அடுத்த சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பற்றியது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைப்பின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

இன்று நாம் அந்த மலைநாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அதற்குக் காரணம் அவர் எடுத்த புகைப்படங்கள். லின் வெஸ்ட்காட் என்னும் இதழாசிரியர் தொகுத்து 1981இல் வெளிவந்த நூலில் அவை இடம்பெற்றுள்ளன. மரமும் சுண்ணமும் எரிந்தன. ஒளியால் எழுதியவை நின்றன. ஆகவே, படம் எடுப்பதைத் தடம் அமைத்தபின் பெருமைக்காகச் செய்யும் சடங்காக நான் கருதவில்லை. அது பணியின் மறுபாதி என்பது என் துணிபு.

காமிராவின் கண்

மாதிரியை மேலிருந்து நோக்கும்போது நாம் வானத்தில் நிற்கும் தேவர்கள். குறைகள் கண்ணில் படா. ஆனால், அந்த ஊரில் வாழும் மனிதன் எவ்வளவு உயரம்? 1.7 மீட்டரை 87ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 2 செ.மீ. அவன் கண்ணால் பார்க்கவேண்டுமானால் காமிராவின் லென்சும் அந்த உயரத்துக்குக் கீழிறங்கவேண்டும். அங்கேதான் இயற்பியல் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

மாதிரி இன்ஜினை 30 செ.மீ. தொலைவிலிருந்து எடுக்கிறோம். உண்மையில் அது 26 மீட்டர் தொலைவுக்குச் சமம். 26 மீட்டரில் நிற்கும் உண்மை இன்ஜினைப் படம் எடுத்தால் அதன் பின்னுள்ள மலையும் ஓரளவு தெளிவாகவே விழும். 30 செ.மீ. தொலைவிலோ, சில சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கிவிடும். அந்த மங்கலே 'இது பொம்மை' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குப் பழைய காமிராக்காரர்கள் கண்ட வழி, லென்சின் துளையைச் சுருக்குவது. துளை சுருங்கினால் தெளிவின் ஆழம் கூடும். ஆனால் ஒளி குறையும். 'எஃப் 4' என்னும் துளையிலிருந்து 'எஃப் 32'க்குச் சுருக்கினால் ஒளி 64இல் ஒரு பங்காகும். அரை விநாடியில் எடுத்த படத்துக்கு இப்போது 32 விநாடி வேண்டும். அதுவரை காமிராவும் வண்டியும் அசையக்கூடாது. துளையை மேலும் சுருக்கினாலோ, விளிம்பு விளைவினால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கவேண்டும் என்பதே இங்கு விதி.

இன்று வேறு வழிகளும் உள்ளன. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைக் கணிப்பொறியால் ஒன்று சேர்க்கலாம். விலையுயர்ந்த காமிராவைவிடக் கைப்பேசியே இவ்வேலைக்கு உதவும் சமயமும் உண்டு. அதன் உணரி சிறியது. லென்சின் குவியத் தூரமும் மிகக் குறைவு. ஆகவே தெளிவின் ஆழம் இயல்பாகவே அதிகம். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் மேல் மூலையில் உள்ள லென்ஸ் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கிவிடும். நான் மாடியில் தலைகீழாகப் பிடித்ததன் இரகசியம் இதுதான்!

விளக்கு வெளிச்சத்திலும் ஒரு பாடம் உண்டு. வெகு தொலைவில் இருக்கும் சூரியனின் கதிர்கள் இணையாக வருகின்றன. எல்லா நிழல்களும் ஒரே திசையில் விழும். அருகில் வைத்த பல்பின் நிழல்களோ விரிந்து பரவும். அதைப் போக்க விளக்கை எட்ட வைக்கவேண்டும். என்னிடம் விளக்கும் இல்லை, எட்ட வைக்க இடமும் இல்லை. மாலை நாலரை மணிக்கு மாதிரியையே மாடிக்குத் தூக்கிப் போனேன். செலவில்லாத சூரியன் வந்து நின்றது.

என் அட்டை நிலையம்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் சென்ற மீட்டர்கேஜ் வண்டி 2010ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. அகலப்பாதை வண்டி தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும் வந்தது. அந்தப் பாதையில் நான் சிறுவயதில் பார்த்த ஒரு பழைய ஓட்டு நிலையத்தை எச்.ஓ. அளவில் செய்ய முனைந்தேன். 60 செ.மீ.க்கு 30 செ.மீ. பலகை, உண்மையில் 52 மீட்டருக்கு 26 மீட்டர் நிலம்.

கட்டடத்தின் அளவுக்கு எங்கே போவது? எங்கள் மாமா ஒருவர் இளைஞராக அந்த நிலையச் சுவரை ஒட்டி நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று வீட்டில் இருந்தது. அவர் உயரம் 5 அடி 6 அங்குலம். மாமாவையே அளவுகோலாக்கி வாசல், சன்னல், சுவர் எல்லாவற்றையும் கணக்கிட்டேன். யாரோ எப்போதோ எடுத்து வைத்த படம் இப்படியும் பயன்படுகிறது.

அட்டைப்பெட்டியின் நெளிவுத் தாள் ஓடாயிற்று. மாவுச் சல்லடையில் சலித்த மணல் சரளைக்கல் ஆயிற்று. காய்ந்த துளசிக் கதிர்கள் மரங்கள் ஆயின. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளைப் பதினொன்றரை மி.மீ. இடைவெளியில் ஒட்டித் தண்டவாளம் ஆக்கினேன். இன்ஜின் வாங்கப் பணமில்லை. ஓர் அட்டைப் பெட்டி வண்டியோடு நிறுத்திக்கொண்டேன். இருபத்தெட்டு நாள் வேலை. மேலிருந்து பார்த்தால் அழகாக இருந்தது. எனக்கே என்மேல் கர்வம்.

பிறகு படம் எடுத்தேன். கர்வம் போயிற்று.

சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத அது படத்தில் 9 செ.மீ. பிளவாகி, கட்டடமே காற்றில் மிதந்தது. 2 மி.மீ. கம்பி 17 செ.மீ. உயரத் தண்டவாளமாகத் தடித்து நின்றது. பசையில் ஒட்டிய ஒரு தலைமுடி வடக்கயிறுபோல நடைமேடையில் கிடந்தது.

அந்தப் படத்தை என் தந்தையிடம் காட்டினேன். அவர் கொத்தனார், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான் கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் என் நோட்டுப் புத்தகங்களை அவர் தொடுவதில்லை. கை அழுக்கு என்பார். அன்று கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"மழை பேஞ்சா ஓட்டுத் தண்ணி எங்கிட்டுப்பா போகும்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஓடு செவுத்தோட நின்னுபோச்சுல்ல? தண்ணி செவுத்துலயே எறங்கும். ரெண்டு மழை தாங்காது. ஒன்றரை அடியாச்சும் வெளிய நீட்டணும்ப்பா."

ஒன்றரை அடியை 87ஆல் வகுத்தேன். 5 மி.மீ. அந்த 5 மி.மீ.தான் என் நிலையத்தில் இல்லாமல் இருந்தது. மாமாவின் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓடு நீண்டுதான் இருந்தது. அளந்தவன் நான், பார்த்தவர் அவர். என் படிப்பில் என் தந்தை திருத்திய முதல் பிழை அது. அவருக்குத் தெரிந்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு மறுப்புகள்

'இது பணக்காரர் விளையாட்டு' என்பது முதல் மறுப்பு. பாதி உண்மை. ஓடும் இன்ஜினும் நல்ல தண்டவாளமும் நம் போன்றோர்க்கு எட்டாத விலையில்தான் இருக்கின்றன. நம் மீட்டர்கேஜ் வண்டிகளின் மாதிரியைக் கடையில் எளிதாக வாங்கவும் இயலாது. ஆனால் விகிதமும் நிழலும் பொறுமையும் காசுக்கு விற்பவை அல்ல. நான் செலவழித்தது முந்நூறு ரூபாய்க்கும் குறைவு.

இரண்டாவது மறுப்பே கடினமானது. 'படமும் பொய் சொல்லுமே! ஜான் ஆலனே கண்ணாடி வைத்து ஏமாற்றவில்லையா? இன்று கணிப்பொறியே இல்லாத இரயிலை வரைந்து தருகிறதே!' உண்மை. என் படத்திலிருந்த தலைமுடியை விரலால் ஒரு தடவல் தடவி மறைத்திருக்கலாம். ஆனால் தலைமுடி பலகையில் அப்படியே இருந்திருக்கும். ஆலன் வைத்த கண்ணாடி, பார்ப்பவர் கண்ணுக்கு இடத்தைப் பெரிதாக்கியது. தம் பிழையைத் தம்மிடமிருந்து மறைக்க அவர் அதை வைக்கவில்லை. மற்றவரை மகிழ்விக்கும் மாயம் கலை. தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் மாயம் நோய்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முதலாமாண்டில் தனி ஊசல் சோதனை செய்தபோது விடை 980க்கு அருகில் வரவேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். எனக்கு வந்தது 931. நேரத்தைச் சற்றே திருத்தி எழுதி 978 ஆக்கினேன். ரெக்கார்டு நோட்டில் நல்ல மதிப்பெண். என் ஊசலில் என்ன பிழை இருந்தது என்பதை இன்றுவரை நான் அறியேன். அதை அறியும் வாய்ப்பை என் பேனாவே அழித்துவிட்டது. அட்டை நிலையம் அந்த வசதியை எனக்குத் தரவில்லை. அங்கே விடைப் பட்டியல் இல்லை. செய்ததுதான் இருக்கிறது, அதன் படம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி இயற்பியல் மன்றத்துக்கு ஒரு மேசை ஒதுக்கப்படவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதில் எல்லாத் துறையினரும் கூடி ஒரு மாதிரி இரயில்தடம் அமைப்போம். தாவரவியலார் மரங்களைச் சொல்லட்டும். எந்த மண்ணில் எது வளரும் என்பதை அவர்கள் அறிவார்கள். வரலாற்றுத் துறையினர் பழைய நிலையங்களின் படங்களைத் தேடட்டும். கணிதத்தார் வளைவுகளைக் கணக்கிடட்டும். இவற்றோடு, நம் பெற்றோர்களில் கொத்தனாரும் தச்சரும் வெல்டரும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களையும் ஒருநாள் அழைத்துவந்து 'இதில் என்ன பிழை?' என்று கேட்போம். பரிசளிப்பு விழாவில் பின் வரிசையில் அமர்ந்துவிட்டுப் போவதற்கு மட்டுமா அவர்கள் இக்கல்லூரிக்கு வரவேண்டும்?

முடிந்ததும் காமிராவை 2 செ.மீ. உயரத்துக்கு இறக்கிப் படம் எடுப்போம். நன்றாக வந்த படத்தோடு, நன்றாக வராத முதல் படத்தையும் அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.

என் நிலையத்தின் ஓட்டை 5 மி.மீ. நீட்டிவிட்டேன். சுவரடியில் மணலைச் சேர்த்து இடைவெளியை அடைத்துவிட்டேன். தண்டவாளம் மட்டும் இன்னும் தடித்தே இருக்கிறது. மெல்லிய கம்பி தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் மறுபடி படம் எடுப்பேன். முதலில் அதைக் காட்டவேண்டியவர் யார் என்பது எனக்குத் தெரியும்.